நாற்பது பேர் மேசையைத் தட்டினார்கள்

"தேங்க் யூ" என்று சொல்லி முடித்துவிட்டு ஓ.எச்.பி. புரொஜெக்டரின் விளக்கை அணைத்தேன். அறை முழுக்க மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு வாடை. இருபது நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள், நான் பத்தொன்பதில் முடித்திருந்தேன். ஓர் இடத்திலும் திக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த பேராசிரியை ஹின்ரிக்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்களை மடக்கினார். முட்டியால் மேசையில் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பின்வரிசைக்காரர்கள் தட்டினார்கள். ஒரு மூச்சு விடுவதற்குள் நாற்பது பேரும் தட்டினார்கள். பழைய மர மேசைகள் அவை. சத்தம் தரை வழியாக ஏறி என் முழங்காலில் வந்து நின்றது.

எனக்கு ரத்தம் சுண்டிவிட்டது. சட்டசபையில் மேசையைத் தட்டினால் பாராட்டு என்று பேப்பரில் படித்து நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கல்லூரி வகுப்பறையில் பெஞ்சைத் தட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். போதும், இறங்கு, வெளியே போ என்று அர்த்தம்.

பையை மட்டும் எடுத்தேன். ஷீட்டுகள் மெஷின் மேலேயே கிடந்தன, கோட்டு நாற்காலியில் கிடந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன்.

பேச்சுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் கேள்வி நேரம் உண்டு. மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். எழுந்து போனால் தேர்வுக்கே வராததற்குச் சமம். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் போனேன்.

பல் டாக்டர் கேட்ட கேள்வி

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வருகிற சின்ன ஊர் அது. ஒரு காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்தில் எங்கள் கல்லூரி. மொத்தமே இருநூறு பேர்கூடக் கிடையாது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். காலையில் தத்துவம், மத்தியானம் உயிரியல், சாயந்திரம் இசை என்று ஒரே ஆள் எதை வேண்டுமானாலும் கலந்து படிக்கலாம். அதற்கு லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர்.

அப்பா பாளையங்கோட்டையில் மின்வாரிய ஆபீசில் குமாஸ்தா. "பிள்ள ஜெர்மனில என்ன படிக்கா?" என்று கேட்டவர்களிடம் லிபரல் ஆர்ட்ஸ் என்று சொல்லிப் பார்த்தார். "டிராயிங்கா?" என்றார்கள். இரண்டு மாதம் விளக்கிக் களைத்துப்போய், அப்புறம் "இன்ஜினியரிங் மாதிரிதான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இடம் கிடைத்ததே ஒரு கூத்து. ஊரில் ஒரு வருடம் பி.ஏ. வரலாறு படித்திருந்தேன். ஆங்கிலப் பேப்பரில் கட்டம் கட்டி வந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் வரவழைத்தேன். அதில் மார்க் ஷீட்டைவிட முக்கியமாக ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். வாழ்க்கையில் உன்னை விடாமல் தொடர்ந்து வந்திருக்கும் கேள்வி எது, ஒரு பக்கத்தில் எழுது.

கடவுள் உண்டா, காலம் என்பது என்ன, இப்படி ஏதாவது எழுதியிருக்க வேண்டும் போல. எனக்கு அது தோன்றவே இல்லை. என்னை விடாமல் தொடர்ந்து வந்தது ஒரே கேள்விதான்: "மார்க் எவ்வளவு?" பால்காரர் கேட்டார், பாவாடைக்கு அளவெடுத்த டெய்லர் கேட்டார், கடைவாய்ப் பல்லைப் பிடுங்க என் வாய்க்குள் குறடை விட்டுக்கொண்டே பல் டாக்டர் கேட்டார். வாய் திறந்தபடி எண்ணூறுக்கு மேல் ஒரு எண்ணை எப்படிச் சொன்னேன் என்பதுவரை எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, இந்தப் பெண் வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் ஹின்ரிக்ஸ். அறுபது வயது, வெட்டிவிட்ட வெள்ளை முடி, வருடம் முழுக்க ஒரே பழுப்பு நிறச் செருப்பு. இதை எனக்குச் சொன்னது யோகா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். பத்து வயதில் அப்பா அம்மாவுடன் ஹம்பேர்க்குக்கு வந்தவர். வந்த விண்ணப்பங்களைப் பிரித்து ஃபைல் போடுவது சேர்க்கை அலுவலகத்தில் அவர் வேலை. தினமும் ரயிலில் வந்து போவார். அந்தக் கல்லூரியில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான்.

முதல் நாள் அலுவலகத்துக்குப் போனபோது என் முகத்தைப் பார்த்தே, "ஓம், நீர்தானே அந்தப் பல்லு டொக்டர் பிள்ளை" என்றார். வேடிக்கையாக அப்புறமும் அடிக்கடி அப்படிக் கூப்பிடுவார். என் பெயர் இசக்கியம்மாள். அவர் ஒருவர்தான் அங்கே அதை முழுசாகச் சொல்வார், மற்ற எல்லாருக்கும் நான் இசா.

எட்டாவது வாரம்

அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு எட்டாவது வாரத்தில் ஒரு மதிப்பீடு உண்டு. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் பேச வேண்டும். அதில் தேறினால்தான் உதவித்தொகை உறுதியாகும். உதவித்தொகை போனால் எனக்கு இடம் கிடையாது, இடம் போனால் விசா கிடையாது. அப்பா மறுபடியும் எல்லாருக்கும் விளக்க வேண்டியிருக்கும்.

நான் உப்பை எடுத்துக்கொண்டேன். தூத்துக்குடி உப்பளத்தில் மாமா மேஸ்திரியாக இருந்தார். பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்திருக்கிறேன். பாத்தியில் நாள் முழுக்க நிற்கிற பெண்களின் பாதம் எப்படிக் கெட்டியாகிப்போகும், சாயந்திரம் வீட்டுக்குப் போய் அந்தக் காலில் என்ன தடவுவார்கள் என்று ஆரம்பித்து, அந்த ஜெர்மன் பகுதியிலேயே பூமிக்கடியில் இருந்து எடுத்து விற்ற உப்பு வரைக்கும் கொண்டுவந்து முடித்தேன்.

எட்டு வாரம் இருந்திருக்கிறாயே, மேசையைத் தட்டுகிற பழக்கத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர், பத்து நாட்டுக்காரர்கள். மணி அடித்ததும் அவரவர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். பேசுவதைக் கேட்க உள்ளூர் ஜெர்மன்காரர்கள் கூட்டமாக வந்தது அன்றைக்குத்தான். அன்றைக்கு முதல் ஆளாகப் பேசியது நான்தான். எனக்கு முன்னால் இன்னொருவர் பேசியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

பெஞ்சு தட்டும் கலை

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என்னை ஒரு அப்பாவியாகத்தான் காட்டிவந்திருக்கிறேன்.

ஊரில் நான் பி.ஏ. படித்த அந்த ஒரு வருடத்தில், எங்களுக்கு ஐரோப்பிய வரலாறு எடுக்கப் பரமசிவன் சார் வந்தார். தற்காலிக விரிவுரையாளர், இருபத்தாறு வயது இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர். ஆங்கிலத்தை நோட்டில் எழுதி வைத்துப் படிப்பார். "புரியுதாப்பா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பார். அந்த "புரியுதாப்பா"வை நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம்.

பெஞ்சு தட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தலை நோட்டில் குனிந்திருக்க வேண்டும். முதலில் ஒருவர் மட்டும், பேனா மூடியால், கேட்டும் கேட்காத மாதிரி. அப்புறம் பக்கத்து ஆள். அப்புறம் வரிசை வரிசையாக ஏறும். யாரையும் பிடிக்க முடியாது. எங்கள் வகுப்பில் அந்த முதல் ஆள் எப்போதும் நான். மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். வளையல் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று முதலிலேயே கழற்றிப் பையில் போட்டுவிடுவேன்.

ஒரு நாள் அவர் சார்ட் பேப்பரில் ஐரோப்பா மேப் ஒன்றைக் கையால் வரைந்து கொண்டுவந்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கலர். ஜெர்மனிக்கு மஞ்சள். அன்றைக்கு நோட்டைப் பார்க்காமலே பாடம் எடுத்தார், நன்றாகத்தான் எடுத்தார். முடிந்ததும் எங்களைப் பார்த்து "தேங்க் யூ" என்றார். எந்த வாத்தியாரும் மாணவர்களுக்கு தேங்க் யூ சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பேனா மூடியைக் கழற்றினேன்.

அறுபது பேர் தட்டினோம். சார் கொஞ்ச நேரம் நின்றார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தத்தில் கேட்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மேப்பை எடுக்காமல் போய்விட்டார். அடுத்த வாரம் வேறொருவர் வந்தார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மேப்பை மேற்குப் பக்க ஜன்னலில், வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க ஒட்டினார்கள். நான் ஜெர்மனிக்குக் கிளம்புகிற வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. ஜெர்மனி வெளுத்து வெள்ளையாகிவிட்டது.

அதனால்தான், ஹின்ரிக்ஸ் விரலை மடக்கியதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. செய்ததற்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதே மாதிரி, நானும் தேங்க் யூ என்று சொல்லியிருந்தேனே.

ஈரத்துணியும் அட்டெஸ்டும்

விடுதியின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கிற அறை இருந்தது. நேராக அங்கே போனேன். காலையில் போட்ட துணி இன்னும் மெஷினுக்குள் இருந்தது. ஊருக்குப் போவதென்றால் துணியை எடுக்க வேண்டுமே. அரை ஈரத்தோடு ஒவ்வொன்றாக இழுத்துப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். யோகா அக்கா என் கோட்டையும் ஷீட்டுகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இஞ்ச என்ன பிள்ளை செய்யிறீர்?"

"பெட்டி கட்டுதேன்."

"எங்க போகப்போறீர்?"

"ஊருக்குத்தான். நீங்க அங்க இல்லையாக்கா? எல்லாரும் சேந்து தட்டி வெரட்டிட்டாவ. ஹின்ரிக்ஸே ஆரம்பிச்சு வச்சாவ."

யோகா அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னத்தைத் தட்டினவை?"

"மேசைய."

"இப்பிடி, கையை மடக்கியோ?" என்று துணி மெஷின் மேல் இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.

"ஆமா."

அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அது கைதட்டுறது பிள்ளை. இஞ்ச யூனியிலை கையோட கை தட்டமாட்டினம், மேசையிலைதான் தட்டுவினம். நல்லாச் சொன்னீர் எண்டு அர்த்தம். ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்லையோ?"

கையில் ஒரு ஈரச் சுடிதார். அதிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டுவது தெரிந்தது, ஆனால் கையை நகர்த்த முடியவில்லை. நாற்பது பேர் பாராட்டியிருக்கிறார்கள். நான் எழுந்து ஓடியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து என் மண்டைக்குள் வைக்க இடமில்லை.

"நீர் வெளிக்கிட்டுப் போனதும் எல்லாரும் திகைச்சுப்போனவை. உமக்குச் சுகமில்லையோ எண்டு ஹின்ரிக்ஸ்தான் எனக்குப் போன் எடுத்தவ. ஆனால் பிள்ளை, பேப்பரிலை 'அப்கெப்ரோஹன்' எண்டு எழுதிப்போட்டினம். இடையிலை முறிச்சுப்போட்டுப் போனது எண்டு கருத்து. அது எழுதினா தேறேல்லை எண்டுதான்."

"இப்ப என்னக்கா செய்ய?"

"மூண்டு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள ஒரு அட்டெஸ்ட் கொண்டுவாரும். பிரச்சினை முடிஞ்சுது."

அட்டெஸ்ட் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து நான் செய்துவருகிற வேலை அது. ஜெராக்ஸ் எடுத்து, கெசட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று, பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

"இந்த ஊர்ல கெசட்டட் ஆபீசர் எங்கக்கா இருக்காவ?" என்றேன்.

"அது ஆர்?" என்றார் யோகா அக்கா.

பச்சை மை என்று நான் சொல்ல, ஏன் பச்சை என்று அவர் கேட்க, இரண்டு தமிழச்சிகள் தமிழில் பேசியே ஒருவரை ஒருவர் குழப்பிக்கொண்டோம். கடைசியில் விஷயம் புரிந்தது. அந்த ஊரில் அட்டெஸ்ட் என்றால் டாக்டர் சர்டிபிகேட்.

"மூலையிலை ஒரு டொக்டர் இருக்கிறார். திடீரெண்டு வயித்தைப் பிரட்டிக்கொண்டு வந்தது, நிக்க ஏலாமல் போச்சு எண்டு சொல்லும். எழுதித் தருவார். இஞ்ச எல்லாரும் செய்யிறதுதான்."

போனேன்.

காத்திருக்கும் அறை

டாக்டர் வீட்டில் காத்திருக்கும் அறை. சுவரோரம் ஆறு நாற்காலி, நடுவில் பழைய பத்திரிகைகள் கிடக்கிற ஒரு வட்ட மேசை. வயிற்று வலிக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர்.

உள்ளே போயிருந்த ஒரு கிழவர் வெளியே வந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். கிளம்புகிற நேரத்தில், எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வட்ட மேசையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். நான் தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒரு அம்மாள் "ச்சூஸ்" என்றார், போய்வாருங்கள் என்று. அவர் விடைபெற்றிருக்கிறார், அவ்வளவுதான். ஆளாளுக்குக் கை கொடுக்கச் சோம்பல்பட்டு மேசையிடம் மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

நின்றவள் உட்காரவில்லை. இந்த ஊரில் மேசையைத் தட்டுகிற சத்தம் இன்னும் நான்கு வருடம் என் காதில் விழுந்துகொண்டே இருக்கப்போகிறது. ஒவ்வொரு தடவையும் நான் இப்படித் துள்ளி எழுவேன். ஏன் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் எழுதித் தருகிற காகிதத்தில் வயிறு மட்டும்தான் இருக்கும். எனக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வந்தேன். நேர்மை பொங்கி வந்தேன் என்று சொன்னால் அது பொய். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம். அந்தக் கோபத்திலேயே மழையில் நடந்தேன்.

மூன்று மணி

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் ஹின்ரிக்ஸ். மற்ற இருவரை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. யோகா அக்கா ஓரமாகக் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார். நான் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து அவர் புருவம் ஏறியது.

"இப்போது உடம்பு பரவாயில்லையா?" என்றார் ஹின்ரிக்ஸ்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் தட்டினீர்கள். என்னை வெளியே போகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹின்ரிக்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் வலது கையைத் தானே ஒரு தரம் பார்த்தார், தெரியாமல் யாரையோ அடித்துவிட்ட கையைப் பார்ப்பது போல.

"உங்கள் ஊரில் அப்படியா?" என்றார்.

"ஆமாம். ஆசிரியரைப் பிடிக்கவில்லையென்றால் நாங்கள் பெஞ்சைத் தட்டுவோம். அவர் போகிற வரைக்கும் தட்டுவோம்."

"நாங்கள் என்றால்?"

ஆங்கிலத்தில் 'வீ' என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாள் விடவில்லை.

"நான்தான். நான் ஆரம்பித்து வைப்பேன். ஒரு சார் பாதியில் போய்விட்டார். திரும்ப வரவில்லை."

மேப்பைப் பற்றிச் சொன்னேன். தேங்க் யூ பற்றிச் சொன்னேன். வளையலைக் கழற்றுவதைக்கூடச் சொல்லிவிட்டேன். யோகா அக்காவின் பேனா நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஹின்ரிக்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை என் காதில் விழுந்தபோதுதான் எனக்கு அன்றைய நாளின் உண்மையான அதிர்ச்சி. காலையில் நாற்பது பேர் தட்டியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருடமாகிறது. பாளையங்கோட்டை என்ன நியூயார்க்கா? யாரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். நான் கேட்கவே இல்லை. ஒரு மனுஷன் என்னால் வேலையை விட்டுப் போயிருக்கிறான், அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது என்பதே எனக்கு அதுவரை தெரியவில்லை.

அப்புறம் ஹின்ரிக்ஸ், யோகா அக்கா கொண்டுவந்து வைத்திருந்த என் ஷீட்டுகளை எடுத்து மேசையில் தட்டி அடுக்கினார். "சரி. நமக்குப் பதினைந்து நிமிடம் பாக்கி இருக்கிறது. அந்தப் பெண்கள் காலில் தடவுவது எந்த எண்ணெய்?" என்றார்.

கேள்வி நேரம் அங்கேயே நடந்தது. என்ன பதில் சொன்னேன் என்று பாதி நினைவில்லை.

சாயந்திரம் யோகா அக்கா அந்தப் பேப்பரைக் காட்டினார். 'அப்கெப்ரோஹன்' என்ற சொல்லில் 'அப்' அடிக்கப்பட்டு, மேலே 'உன்டர்' என்று எழுதப்பட்டிருந்தது. 'உன்டர்ப்ரோஹன்' என்று ஆக்க வேண்டி நடுவில் இருந்த 'கெ'யும் அடிக்கப்பட்டிருந்தது. இடையில் நின்றது என்று அர்த்தம். நின்றதைத் தொடரலாம்.

"முன்னுக்கு இருக்கிற ஒரு துண்டைத்தான் மாத்தினவை," என்றார். "நீர் தப்பீட்டீர்." அப்புறம், கோட்டைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நானும் இஞ்ச வந்த புதுசிலை வகுப்பிலை வாய் திறந்தால் சிரிப்பினம். நாலு மாசம் நான் பள்ளிக்கூடத்திலை கதைக்கேல்லை. ரெயினுக்கு நேரமாச்சு, நான் வாறன்."

அடுத்த நாளிலிருந்து அவர் என்னிடம் பழையபடிதான் பேசினார். ஆனால் பல் டாக்டர் பிள்ளை என்று மட்டும் அப்புறம் கூப்பிடவில்லை.

தாலுகா ஆபீஸ்

இரண்டாம் வருட விடுமுறையில்தான் ஊருக்கு வர முடிந்தது. விசாரித்தேன். இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. பரமசிவன் சார் பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போய்விட்டார், பக்கத்துத் தாலுகா ஆபீசில் இருக்கிறார்.

போனேன். கொஞ்சம் தலை நரைத்திருந்தது. ஃபைல் கட்டுக்கு நடுவில் இருந்து நிமிர்ந்து, "வருமானச் சான்றா, இருப்பிடச் சான்றா?" என்றார்.

கல்லூரிப் பெயரைச் சொன்னேன், வகுப்பைச் சொன்னேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். "சார், அன்னைக்கு பெஞ்சு தட்டினத ஆரம்பிச்சு வச்சது நான்தான். மன்னிச்சிருங்க சார்."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தார்.

"எந்த கிளாஸ்னு சொன்ன?"

"பி.ஏ. முதல் வருஷம் சார்."

"எல்லா கிளாஸ்லயும் தட்டுனாங்களேம்மா," என்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். "உன்ன ஞாபகம் இல்ல."

எதையாவது பேச வேண்டுமே என்று ஜெர்மனியில் படிப்பதைச் சொன்னேன். அங்கே மேசையைத் தட்டினால் பாராட்டு என்பதையும் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார். "அப்ப நான் அங்க போயி வேலை பாத்திருக்கணும்," என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும் எதையோ யோசித்தார்.

"ஐரோப்பா மேப்பு ஒண்ணு வரைஞ்சு கொண்டாந்தேன். நாலு நாள் உக்காந்து வரைஞ்சது. ஜெர்மனிக்கு மஞ்சக் கலர். அது என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்.

"கிளாஸ்லதான் சார் இருந்துச்சு. ஜன்னல்ல ஒட்டியிருந்துச்சு. நான் போறவரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு."

அவர் முகம் விரிந்தது. "ஒட்டி வச்சிருந்தாங்களா?" என்றார். பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பி, "நான் வரைஞ்ச மேப்ப கிளாஸ்லயே ஒட்டி வச்சிருந்தாங்களாம் சார்," என்றார்.

வெயிலை மறைக்க ஒட்டியது என்று நான் சொல்லவில்லை. ஒட்டும்போது ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்றும் சொல்லவில்லை.